பட்சிராஜன் சொன்ன காரணம் நிற்குமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2.0 படத்தில் பட்சிராஜன் சொல்வது அறிவியல்படி உண்மையா? செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவிகள் அழிந்தன என்றால், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறதே, அவரை வில்லன் என்று சொல்லலாமா?"

நோயை அவர் சரியாகக் கண்டார். நோய்முதலைத் தவறாகக் கண்டார். அவர் கொடுத்த மருந்தோ, நோய்முதல் அவர் சொன்னதாகவே இருந்திருந்தாலும் பலிக்காத மருந்து. மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் படம் வந்ததிலிருந்து இந்த விவாதம் முடியாமல் இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஷங்கர் இயக்கி 2018 நவம்பர் 29 அன்று வெளியான படம். பட்சிராஜனாக அக்‌ஷய் குமார். பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் ஒரு முதியவர். தான் பேணும் பறவைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுவதைப் பார்க்கிறார். அளவுமீறிய செல்போன் கதிர்வீச்சுதான் காரணம் என்று முடிவுசெய்து முறையிடுகிறார், போராடுகிறார், தோற்கிறார். டவரிலேயே தூக்கிட்டுக்கொள்கிறார். பிறகு சென்னை மக்களின் கைகளிலிருந்து போன்கள் பறந்து போகின்றன, ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாகின்றன. செல்போன் வியாபாரி, நிறுவன முதலாளி, அமைச்சர் என்று வரிசையாகச் சாகிறார்கள். கடைசியில் மைதானம் நிறைய மக்களைக் கொல்லவும் துணிகிறார். இறந்த உயிர்களின் ஆற்றல் சேர்ந்து உருவமெடுப்பது கற்பனை. அதைக் கற்பனையாகவே விட்டுவிடலாம், கேள்வி அதைப் பற்றியது அல்ல.

முதலில் நோக்கம். அதில் பொய்யில்லை. பதவியோ பணமோ உலகை ஆள்வதோ அவருக்கு வேண்டாம். இறுதிச் சண்டையில் புறாக்களின் உயிரைப் பணயம் வைத்து மிரட்டும்போதுதான் அவர் தளர்கிறார். வாயளவில் மட்டும் பறவை நேசம் பேசுபவர் அந்த இடத்தில் தளர்ந்திருக்க மாட்டார். பாத்திரப் படைப்பாக இது உறுதியான வேலை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் எக்ஸ்ரேயும் அணுஉலையும் நினைவுக்கு வருகின்றன. செல்போன் அலை அந்த இனம் இல்லை. 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின், அதாவது அலையின் மிகச் சிறிய துணுக்கின், ஆற்றல் ஒரு எலக்ட்ரான்வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஏழு பங்கு அளவுதான். இலையில் பட்டு நம் கண்ணுக்கு வரும் பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான் அதைப்போல் சுமார் 3 லட்சம் மடங்கு வலியது. மூலக்கூற்றை உடைக்கும் சக்தி டவர் அலைக்குக் கிடையாது. அதனால் உறுதியாக நிரூபிக்கப்பட்ட விளைவு ஒன்றே ஒன்று: சூடாக்குதல். ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு சூடு என்பதை.

ஒரு டவரின் ஆன்டெனாவுக்கு ஒரு கேரியரில், அதாவது ஓர் அலைவரிசையில், 20 வாட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா அதை ஒரு திசையில் குவிப்பதால், அந்தத் திசையில் மட்டும் பார்த்தால் சுமார் 1000 வாட்டுக்குச் சமமாகத் தெரியும். அலை பரவப் பரவ தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். நேர் எதிரே 10 மீட்டரில் சதுர மீட்டருக்கு 0.8 வாட், 50 மீட்டரில் 0.03, 100 மீட்டரில் 0.008. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த, படம் வந்தபோதும் இருந்த வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். சர்வதேச வழிகாட்டு அளவில் அது பத்தில் ஒன்று. மேலே சொன்ன ஒற்றைக் கேரியருக்கு அந்த வரம்பு எட்டும் தூரம் சுமார் 13 மீட்டர். பத்துக் கேரியர்கள் ஒரே திசையில் சேர்ந்தால் 42 மீட்டர். ஆன்டெனாவின் கற்றை மேலும் கீழும் ஏழெட்டு டிகிரிதான் விரியும். எனவே டவரின் காலடியில் நிற்பவரைவிட, எதிர் வீட்டு மூன்றாம் மாடியில் நிற்பவர் மீதுதான் அதிகம் படும். நல்ல வெயிலில் நம்மேல் விழுவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட்.

இங்கே பட்சிராஜன் தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. படத்தில் அது வரவேயில்லை. வரம்புகள் மனித உடலை வைத்து வகுக்கப்பட்டவை. ஓர் உடலின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும்போது அது அலையை மிக அதிகமாக உறிஞ்சும். மனிதனுக்கு அந்த அதிர்வெண் 100 மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே வருகிறது, அதனால்தான் அந்தப் பகுதியில் வரம்பு மிகக் கடுமை. சிட்டுக்குருவியின் நீளம் வாலோடு சேர்த்து 15 சென்டிமீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 16.7 சென்டிமீட்டர், 1800இல் 8.3. செல்போன் அலைவரிசை குருவியின் உடல் அளவுக்கு ஏறக்குறையப் பொருந்திப்போகிறது! மனிதனுக்குப் பாதுகாப்பானது குருவிக்கும் பாதுகாப்பானதா என்று அவர் ஒரு வரி கேட்டிருந்தால், எதிரே இருந்த நிபுணர்கள் பதில் தேட வேண்டியிருக்கும்.

பதிலும் உண்டு. 25 கிராம் குருவியின் உடல் அலையை மறிக்கும் பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். வரம்பளவு அலையில் அதன்மேல் விழுவது 1.4 மில்லிவாட். உடல் நீளம் அலைக்குப் பொருந்தும் அந்த ஒத்திசைவால் மூன்று மடங்கு உறிஞ்சினாலும் 4 மில்லிவாட். அந்தக் குருவி கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தன் உடலில் ஏறத்தாழ அரை வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, அதாவது 500 மில்லிவாட். பறக்கும்போது அது பல மடங்கு. அதன் சொந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராத கூடுதல் சூட்டில் குருவி சுருண்டு விழாது. ஆன்டெனாவின் முகப்பில் ஓரிரு அடி தூரத்தில் போய் உட்கார்ந்தால் கதை வேறு, அங்கே மனிதனும் நிற்கக் கூடாது. ஊர் முழுக்கப் பறவைகள் விழுந்து சாக அந்த ஓரிரு அடி போதாது.

சூடு இல்லாமல் வேறு வழியில் பாதிக்காதா? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஸ்பெயினின் வாயடோலிட் நகரிலும் பெல்ஜியத்திலும் 2007இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அலை வலுவாக உள்ள இடங்களில் குருவிகள் குறைவாக இருந்ததாகக் காட்டின. பட்சிராஜன் நீதிமன்றத்தில் வைக்கக்கூடிய தாள்கள் அவை. ஆனால் டவர் நெருக்கமாக இருக்கும் இடம் கட்டடமும் வண்டியும் நெருக்கமாக இருக்கும் இடமும்தான். அங்கே புல் இல்லை, பூச்சி இல்லை, ஓட்டுச்சந்து இல்லை. குருவி எதனால் குறைந்தது என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது.

அதைவிட வலுவான தாள் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வந்தது. வலசை போகும் ராபின் பறவைகளுக்குப் பூமியின் காந்தப்புலத்தை உணரும் திறன் உண்டு. பல்கலைக்கழக வளாகத்தில் வைத்தபோது அவை திசை தெரியாமல் தடுமாறின. குடிலை அலுமினியத் தகட்டால் மூடி, தகட்டை எர்த் செய்ததும் திசையறிவு திரும்பியது. எர்த்தைத் துண்டித்தால் மறுபடி தடுமாற்றம். மனிதக் கருவிகளின் மின்காந்த இரைச்சல் பறவையைப் பாதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. அந்த இரைச்சலின் அதிர்வெண் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது ஏஎம் ரேடியோவும் மின்னணுக் கருவிகளும் உமிழும் பகுதி. செல்போன் 700 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் தொடங்குகிறது. அதே குழுவினர் பிறகு கதிர்க்குருவி வகையொன்றை வைத்து மேலே மேலே சோதித்தார்கள். 75 முதல் 85 மெகாஹெர்ட்ஸில் பறவை தடுமாறியது. 140 முதல் 150இலும், 235 முதல் 245இலும் தடுமாறவில்லை. பறவையின் கண்ணில் உள்ள ஒரு புரதத்தின் எலக்ட்ரான்கள்தான் காந்த உணர்வுக்கு அடிப்படை என்ற கோட்பாடும், ஏறத்தாழ 120 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்த எலக்ட்ரான்களைக் குழப்ப முடியாது என்றே சொல்கிறது. மேலும் இது திசை தவறும் பாதிப்பு, உயிர்போகும் பாதிப்பு இல்லை. சிட்டுக்குருவி வலசை போகும் பறவையும் இல்லை.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் காலண்டரைப் பார்த்தாலே போதும். லண்டனின் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் 1925இல் எண்ணிய சிட்டுக்குருவிகள் 2603. 1975இல் 544. 2000இல் 8. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985இல். ஐந்தில் நான்கு பங்கு குருவிகள் போன பிறகுதான் முதல் டவரே வந்தது. இந்தியாவில் பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான நாடு தழுவிய அறிக்கை, 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவி நாடளவில் ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்துவருவதாகவும் சொன்னது. டவர்கள் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து லட்சக்கணக்காகப் பெருகிய அதே காலம் அது.

பெருநகரக் குருவிக்கு என்ன குறை? வளர்ந்த குருவி தானியம் தின்று வாழும். குஞ்சு அப்படி வாழாது. பொரித்த முதல் சில நாட்களுக்கு அதற்கு அசுவினி, புழு, சிலந்தி மாதிரி மெத்தென்ற இரை வேண்டும். கூட்டில் இருக்கும் இரண்டு வாரமும் தாயும் தந்தையும் நூற்றுக்கணக்கான தடவை அதைக் கொண்டுவர வேண்டும். புதரும் புல்லும் போய் சிமென்ட் தளம் வந்தால் அந்த இரை போயிற்று. ஓட்டு வீட்டின் சந்தும் விட்டத்தின் இடுக்கும் போய் கண்ணாடியும் கான்கிரீட்டும் வந்தால் கூடு போயிற்று. கிழக் குருவிகள் முற்றத்தில் தென்படும், குஞ்சு மட்டும் தேறாது. நான்கைந்து ஆண்டுகளில் அந்தத் தெரு வெறிச்சோடும். பார்ப்பவர் கண்ணுக்கு அப்போது டவர்தான் புதிதாகத் தெரியும். பட்சிராஜன் மாதிரி வாழ்நாளெல்லாம் பறவையோடு இருந்தவர், செத்த குஞ்சின் இரைப்பையைத் திறந்து பார்க்காமல் இந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் பாத்திரத்தின் பெரிய ஓட்டை.

சரி, ஒரு பேச்சுக்கு அவர் சொன்னதே உண்மை, டவர் அலைதான் பறவையைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் போன்களைப் பறிப்பது உதவாது. 2ஜி டவரின் ஒலிபரப்புக் கேரியர், பேச ஒருவர்கூட இல்லாவிட்டாலும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று இரவும் பகலும் முழு சக்தியில் அறிவித்துக்கொண்டே இருக்கும். 4ஜி டவர் ஒவ்வொரு மில்லிவினாடியும் அடையாளக் குறியீடுகளை அனுப்பும். போன்கள் போனால் பேச்சும் டேட்டாவும் போகும், அந்த அளவுக்கு அலை குறையும், ஆனால் நிற்காது. டவரை நிறுத்த வேண்டுமானால் மின்சாரத்தையும், அது போனால் தாங்கும் பேட்டரியையும், அதற்கும் பின்னால் நிற்கும் டீசல் ஜெனரேட்டரையும் கைவைக்க வேண்டும். சென்னையின் போன்களையெல்லாம் வானத்தில் இழுக்கும் ஆற்றல் உள்ளவருக்கு ஃபியூஸைப் பிடுங்குவது பெரிய காரியமா?

இன்னொன்று. லட்சக்கணக்கான போன்களை நெருக்கி ஒரு பறவையாகச் செய்கிறார். பேச்சில் இருக்கும் 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் உமிழும். 10 சென்டிமீட்டர் தூரத்தில் அது சதுர மீட்டருக்கு 1.6 வாட், அதாவது மேலே சொன்ன டவர் 100 மீட்டரில் தருவதைப்போல் 200 மடங்கு. அவர் கோட்பாடு உண்மையானால், அந்த ராட்சதப் பறவையின் சிறகோரம் பறந்த ஒவ்வொரு காக்கையும் செத்திருக்க வேண்டும்.

தண்டனைக் கணக்கும் அப்படித்தான். முதல் மூவரையாவது அவரவர் பொறுப்பைச் சொல்லிக் கொல்கிறார். மைதானத்துக்கு வரும்போது போன் வைத்திருப்பதே குற்றமாகிவிடுகிறது. வரம்பை நிர்ணயிப்பது அரசு, டவரின் சக்தியை அமைப்பது நிறுவனம். கையில் போன் வைத்திருப்பவரால் அந்த இரண்டில் ஒன்றையும் மாற்ற முடியாது. படத்தின் வில்லத்தனம் பிறப்பது இந்த இடத்தில்தான், அதை எழுதியவர்கள் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். காரணம் பிழையானதோ, படம் அறியாத பிழை. வெளியீட்டுக்கு முன் செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. புகார் கொடுத்தவர்களுக்கு லாபநோக்கம் இருந்தது உண்மை. இயற்பியல் அவர்கள் பக்கம் இருந்ததும் உண்மை.

இதே கோபத்துக்கு உகந்த, நிரூபணமான குற்றவாளி வேண்டுமென்றால் இந்தியாவிலேயே இருக்கிறது. பட்சிராஜன் என்பது கருடனின் பெயர். கழுகின் பெயரைத் தாங்கிய திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து சோறு தின்றுபோன மஞ்சள்முகப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) 1990களின் இறுதிக்குப் பின் வருவதில்லை. அவற்றின் உறவான வெண்முதுகுப் பாறு, 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல் அழிந்தது. கொன்றது டைக்ளோஃபெனாக். மாட்டின் வலிக்குப் போடும் ஊசி. மருந்து உடலில் இருக்கும்போதே மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிந்து, ஓரிரு நாளில் கழுத்து தொங்கிச் சாகும். 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதைக் கண்டுபிடித்தது. ஒரு மாட்டின் உடலில் பல டஜன் பாறுகள் சேர்ந்து தின்னும், ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அதனால் நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே அந்த இனத்தைச் சரிக்கப் போதும். 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதனுக்கென்று விற்ற 30 மில்லி குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2015இல்தான் அதை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து இருந்தும் இத்தனை ஆண்டுகள். தென்னிந்தியாவில் இன்று பாறுகள் எஞ்சியிருக்கும் முக்கியமான இடம் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு முதியவரைப் பித்தாக்க இது போதாதா?

டவரையே வில்லனாக வைக்க வேண்டும் என்றாலும் உண்மையான வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தகவல்தொடர்பு டவர்களில் மோதி ஆண்டுக்கு 68 லட்சம் பறவைகள் சாவதாக 2012இல் ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பங்கு, ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டிய மிக உயரமான டவர்களில். மேகம் தாழ்ந்த இரவில் வலசைப் பறவைகள் டவரின் நிலையாக எரியும் சிவப்பு விளக்கை விட்டு விலக முடியாமல் அதையே சுற்றிச் சுற்றி வந்து கம்பியில் அடிபட்டு விழுகின்றன. அணையாமல் எரியும் விளக்குகளை நீக்கி, விட்டுவிட்டு எரியும் விளக்குகளை மட்டும் வைத்தபோது சாவு பாதிக்கும் மேல் குறைந்தது. அமெரிக்க விமானத் துறை 2015இல் விளக்கு விதியை அப்படியே மாற்றியது. டவர் பறவையைக் கொல்கிறது என்று பட்சிராஜன் சொன்னதற்கு இந்த உலகில் ஆதாரம் இருக்கிறது. அவர் ஆன்டெனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்க வேண்டியது அதற்கு மேலே எரிந்த விளக்கை.